தடைக்காலத்துச் சக்களத்தி

மீன்பிடித் தடைக்காலம் வந்தால்தான் என் வீட்டுக்காரரின் முகத்தை நான் பகல் வெளிச்சத்தில் முழுசாகப் பார்ப்பேன். விசைப்படகில் டிரைவர் அவர். காசிமேட்டிலிருந்து கிளம்பினால் பத்து நாள், பதினைந்து நாள் கடலிலேயே கிடப்பார். கரைக்கு வந்தாலும் மீனை இறக்கி, வலையைப் பார்த்து, டீசல் பிடித்து, வீட்டில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு மறுபடி கிளம்பிவிடுவார். படகுகளைக் கட்டிப்போடும் அந்தக் கோடையில்தான் அவர் எனக்குச் சொந்தம். வருஷம் முழுக்க அதை நினைத்துக்கொண்டுதான் திருவொற்றியூர் குப்பத்தில் குடித்தனம் நடத்துகிறேன்.

இந்த வருஷத் தடைக்காலத்தை ஒரு மூட்டை டிவிடி பிடுங்கிக்கொண்டது.

எல்லாம் சினிமாப் படங்கள். படகில் டிவியும் பிளேயரும் வைத்து அவரும் கூட்டாளிகளும் பார்த்துத் தீர்த்தவை. உப்புக்காற்றில் பிளேயர் துருப்பிடித்துச் செத்துவிட்டது. அதனால் எல்லா டிஸ்க்கையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பென் டிரைவில் போட்டுப் படகுக்கு எடுத்துப்போக வேண்டுமாம். மகளின் லேப்டாப்பில் டிஸ்க் போடுகிற டிரைவ் ஒன்றைத் தனியாக மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். ஒரு படம் ஏறி முடிவதற்குள் எனக்குச் சோறு வடித்துக் குழம்பும் இறக்கியாகிவிடும். அத்தனை நேரமும் திரையில் ஊரும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால், "இரும்மே, முடியப் போவுது" என்பார்.

டிஸ்க்கைத் துடைக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! நடுவிலிருந்து ஓரத்துக்கு, மெதுவாக, மூச்சுக்கூட விடாமல். மெத்தென்ற துணி வேண்டும் என்று என் நூல் புடவை ஒன்றைக் கிழித்திருந்தார். கேட்டால், பழசுதானே என்றார். பழசுதான். நானும்தான் பழசு. அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டு கொப்புளத்தோடு திரிந்தேன். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை இல்லை. சக்களத்தி என்றால் கொண்டையைப் பிடித்து இழுக்கலாம். இதில் எதைப் பிடித்து இழுப்பது?

அதிலும் ஒரு டிஸ்க் ஏறவே மாட்டேன் என்றது. மேலெல்லாம் கீறல். படகில் அதிகமாக ஓடிய படம் அதுதானாம். பல் தேய்க்கிற பேஸ்ட்டைத் தடவித் தேய்த்தார், கழுவினார், மறுபடி தேய்த்தார். அது மசியவில்லை. அவர் முகம் தொங்கிப்போனதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

அப்போதுதான் அவரோடு படகில் வேலை செய்யும் தோஸ்து ஒருவன், கொருக்குப்பேட்டையில் மச்சான் வீட்டில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பழைய டிரைவ் கீறலுக்கெல்லாம் அடம்பிடிக்காது என்றான். அவன் சொன்னபடியே அந்த டிஸ்க் ஏற ஆரம்பித்தது. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இந்தப் படம்னா ஒங்களுக்கு உசுராமே அண்ணி. ரயிலு சீன் வந்தா தேம்பித் தேம்பி அழுவீங்களாம். அண்ணாத்த போட்ல எப்பவும் சொல்லிகினே இருக்கும்."

அந்தப் படத்தை நான் பார்த்ததே கிடையாது.

சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அப்படியானால் அழுதவள் யார்? நெருப்பில்லாமல் புகையுமா? அவர் படகு கரைபிடிக்கிற ஊர்களையெல்லாம் மனசுக்குள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவள் எப்படித் தலை பின்னியிருப்பாள் என்பதுவரை போய்விட்டது யோசனை.

தோஸ்து கிளம்பியதும் நேராகவே கேட்டேன். "யாரு அவ? ரயிலு சீனுக்கு அழுவுறவ?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். வலையைக் கடலில் இறக்கிவிட்டுச் சும்மா இருக்கிற நேரத்தில் எல்லாரும் வீட்டுப் பேச்சுத்தான் பேசுவார்களாம். ஒருத்தன் பெண்டாட்டி வைக்கிற கருவாட்டுக் குழம்பு, இன்னொருத்தன் பெண்டாட்டி போடுகிற சண்டை. தன் முறை வந்தால் சொல்வதற்கு ஒன்றுமே இருக்காதாம்.

"வர்றேன், தூங்கறேன், போறேன். ஒன்னப் பத்தி எனக்கு இன்னாமே தெரியும்? அதான் நானா ஒண்ணு சொல்லி வெச்சேன்."

நிஜமாகவே ஒருத்தி இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இவளோ என் பேரை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக அந்தப் படகில் போய்வந்துகொண்டிருக்கிறாள். அவரோடு உட்கார்ந்து படம் பார்க்கிறாள், அழுகிறாள், அதைப் பெருமையாகவும் பேசிக்கொள்கிறார். எனக்குக் கிடைக்காததெல்லாம் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அவள்மேல் வந்த பொறாமை டிவிடி மூட்டைமேல்கூட வந்ததில்லை.

"போடு அந்தப் படத்த" என்றேன்.

மத்தியான வெயில் கண்ணில் அடிக்காமல் கதவைச் சாத்திவிட்டு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ரயிலடியில் ஒருத்தி புருஷனை வழியனுப்புகிறாள். ரயில் நகர்ந்ததும் கதறுகிறாள். வழியனுப்புவதுதான் எனக்கு வருஷம் முழுக்க வேலை. கண்ணீர் வரவில்லை. திரும்பினால், அவர் படத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"போட்ல வர்றாளே, அவதான் அழுவா. எனக்கு வராது" என்றேன். "கடலுக்குப் போறவன் முன்னாடி கண்ணுல தண்ணி வெக்கக் கூடாதுன்னு கல்யாணமான புதுசுல ஒங்கம்மா சொன்னாங்க. அதுலேர்ந்து வர்றதில்ல."

அவர் படத்தை நிறுத்தினார். பிறகு என் கையை எடுத்துக் கொப்புளத்தைப் பார்த்தார்.

"இப்பத் தடைக்காலந்தானமே" என்றார். "நான் எங்கியும் போவலியே."

அழுதேன். அவளைவிட அதிகமாகவே அழுதேன்.