எனக்கு மட்டும் கேட்காத சத்தம்

"தம்பி, இந்தக் காரு பல்லைக் கடிக்குதே... உங்களுக்குக் கேக்கலையா?"

இப்படி ஒரு கேள்வியை, என் முகத்துக்கு நேரா, என் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே வெச்சு ஒரு அம்மா கேட்டுட்டாங்க. நடந்து ஆறு மாசம் ஆகுது. இன்னும் எனக்கு ஆறலை.

ஏன்னு கேளுங்க. தாம்பரத்துல என் காதைப் பத்தித் தெரியாத ஆள் உண்டா? மூணாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். லாரி கழுவுற வேலையில ஆரம்பிச்சேன். இன்னிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டுல சொந்த ஒர்க்‌ஷாப், பதினோரு ஆளு. எல்லாம் எதால வந்தது? இந்த ரெண்டு காதால! நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணை எடுப்பேன். நுனியை எஞ்சின் மேல வைப்பேன், பிடியைக் காதுல வைப்பேன், கண்ணை மூடுவேன். நாலாவது வால்வு தளர்வா, மூணாவது பேரிங் தேய்மானமா... டாக்டர் மாதிரி சொல்லிடுவேன். மீட்டர், கீட்டர் எல்லாம் படிச்சவங்களுக்கு. எனக்கு எதுக்கு?

அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

கதையை முதல்லேருந்து சொல்றேன். அஸ்தினாபுரத்துல அருள்ராஜ்னு ஒரு வாத்தியார். பகல்ல பள்ளிக்கூடத்துல கணக்கு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுல பாட்டுக் குழுவுக்குத் தலைமை. அவர் மனைவி ரெஜினா டீச்சர் ஏலகிரி மலை மேல ஒரு பள்ளிக்கூடத்துல வேலை. ஹாஸ்டலையும் அவங்கதான் பாத்துக்கணும். சனி ஞாயிறுன்னா பிள்ளைங்களை விட்டுட்டுக் கீழே இறங்க முடியாது. அதனால மாசத்துக்கு ஒரு தடவை வாத்தியார்தான் மேலே போவார். ஒரு பழைய கார். பத்து வருஷத்துக் கிழம். மலை அடிவாரம் வரைக்கும் தங்கமா போகும். அப்புறம் மூணு வளைவுக்கு ஒரு தடவை கொதிச்சு, பானெட்டைத் திறந்து, ஆற வெச்சு, தண்ணி ஊத்தி... மேலே போய்ச் சேர்றதுக்குள்ள இருட்டிடும். மறுநாள் மத்தியானம் கிளம்பியாகணும். கல்யாணமான மனுஷன் பொண்டாட்டியை மாசத்துக்கு அரை நாள்தான் பாக்கறார்னா, கேக்கறவங்களுக்கே பேஜாரா இருக்குமா இருக்காதா?

எனக்கு இருந்தது. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா என்னால?

"விடுங்க சார். உங்க வண்டியைப் பறக்க வெக்கிறேன்!"

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில அதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு சாமான் வாங்கி வெச்சிருந்தேன். ஏதோ வெளிநாட்டு ஜெனரேட்டர் எஞ்சின்லேருந்து கழட்டினது. டர்போன்னு பேரு. சைலன்சர் வழியா வீணாப் போற புகை இருக்கே, அதை வெச்சு ஒரு விசிறியைச் சுத்தவிட்டு, எஞ்சினுக்குள்ள காத்தைத் திணிக்கிற சாமான். நிறைய காத்து, நிறைய பெட்ரோல், நிறைய இழுவை. அவ்வளவுதான் ரகசியம். இழுவை இருந்தா ஏத்தத்துல எஞ்சின் முக்கித் திணறாது, கொதிக்கவும் கொதிக்காது. இந்தப் பக்கத்துல அதைக் காருக்கு மாட்டின ஆள் யாராவது உண்டா? நான் மாட்டினேன்! படம் கிடையாது, புத்தகம் கிடையாது. குழாயை வளைச்சு, வெல்டு வெச்சு, மூணு வாரத்துல ஓடவிட்டேன்.

முதல் தடவை வாத்தியார் ஏலகிரி போனப்போ, வழியில ஒரே ஒரு இடத்துலதான் நிறுத்தினாராம். அதுவும் டீ குடிக்க.

திரும்பி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "அண்ணா, அவ என்னைப் பாத்துட்டு, லீவா போட்டீங்கன்னு கேக்கறா!"

அந்த வாரம் நான் தரையில நடக்கலைன்னு என் சம்சாரம் கனகா இன்னிக்கும் சொல்லுவா.

இப்போ மறுபடி வாசலுக்கு வர்றேன். அந்த மாசம் வாத்தியார் தன் மாமியாரையும் மேலே கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு. ஞானம்மா. எழுபதை நெருங்கற வயசு. முட்டிவலி, பஸ் படி ஏற முடியாது. மகளைப் பாத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, அவங்களை வண்டியில உக்காரவெச்சு ஒரு ரவுண்டு அடிச்சுட்டு, நேரா என்கிட்ட வந்தார் வாத்தியார்.

"அண்ணா, ஏத்தத்துல ஒரு சத்தம் வருது. டின்னுல கூழாங்கல்லு போட்டு ஆட்டற மாதிரி. ஒரு மாசமாவே லேசா இருந்தது. இப்போ அதிகமாயிடுச்சு."

அப்போதான் அந்தம்மா ஜன்னல் வழியா தலையை நீட்டிப் பல்லைக் கடிக்குதுன்னு சொன்னது.

நான் சும்மா இருப்பேனா? ஸ்க்ரூ டிரைவர். காது. கண்ணை மூடினேன். எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடுது.

"ஒண்ணும் இல்ல சார். உங்களுக்குப் பாட்டுக் காது. இல்லாத சுருதி எல்லாம் கேக்கும்."

வாத்தியார் கோவிச்சுக்கலை. "சரிண்ணா, ஒண்ணு பண்ணலாம். பறங்கிமலை ஏத்தத்துக்குப் போவோம். நீங்க ஓட்டுங்க. எங்க பாட்டுக் குழுவுல, தப்பு சுருதி கேட்டா விரலைத் தூக்கணும், வாயைத் திறக்கக் கூடாது. அதே மாதிரி, சத்தம் கேக்கறவங்க விரலைத் தூக்கட்டும்."

சோறு கொண்டுவந்த கனகாவையும் ஏத்திக்கிட்டோம். சாட்சிக்கு ஆள் வேணுமில்ல? ஏத்தம் ஆரம்பிச்சது. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சேன். டர்போ பிடிச்சது. வண்டி அப்படியே முதுகைத் தள்ளுது. என்ன சுகம்! பெருமையாக் கண்ணாடியில பின்னாடி பாத்தேன்.

பின்சீட்டுல ரெண்டு விரல் மேலே நிக்குது. பக்கத்துல வாத்தியார் விரல். மூணும் ஒரே நேரத்துல. காலை எடுத்தேன், மூணும் ஒண்ணாக் கீழே இறங்குது. மறுபடி மிதிச்சேன், மூணும் மேலே. சொல்லிவெச்ச மாதிரி!

எனக்கு? ஒண்ணுமே கேக்கலை.

"இன்னா நீ, மெய்யாலுமே கேக்கலையா?" கனகாவுக்குச் சிரிப்பு. "வூட்டாண்ட குக்கர் விசில் அடிச்சாலே உனக்குக் கேக்கறதில்ல. நான் கூப்ட்டா மட்டும்தான் கேக்காத மாதிரி நடிக்கிறேன்னு நெனச்சேன். அப்போ நடிப்பு இல்லியா அது?"

மலை உச்சியிலேயே வண்டியை நிறுத்தி, ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினேன். பிளக்கோட பீங்கான் டீ கலர்ல இருக்கணும். இது வெள்ளை வெளேர்னு இருந்தது. மேல மிளகுத்தூள் தூவின மாதிரிப் புள்ளி. நடுவுல பளபளன்னு ரெண்டு துளி... அலுமினியம். அலுமினியம் எங்கேருந்து வரும்? பிஸ்டன்லேருந்துதான் வரும். உள்ளே பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்துல வெடிச்சு, பிஸ்டனை அணு அணுவா அரிச்சுக்கிட்டிருக்கு. இப்படியே விட்டிருந்தா ஏலகிரியில ஏதோ ஒரு வளைவுல, ஏத்தத்துல, பின்சீட்டுல அந்தம்மாவை வெச்சுக்கிட்டு எஞ்சின் நின்னிருக்கும்.

நாப்பது வருஷம் தகரம் தட்டற ஷெட்டுல நின்ன காது. மெல்லிசான சத்தம் எல்லாம் எப்போ போச்சோ தெரியாது. போறது எப்படித் தெரியும்? கண்ணு மங்கினா எழுத்து மங்கும். காது மங்கினா, உலகம் நல்லா ரிப்பேர் ஆயிட்ட மாதிரித்தானே இருக்கு?

ஷெட்டுக்குத் திரும்பினோம். என் ஃபோர்மேன் காதர் பாய் பிளக்கைப் பாத்தார். உதட்டைப் பிதுக்கினார். "கழட்டிடலாம் மொதலாளி. சந்தைச் சாமானு சந்தைக்கே போவட்டும்."

"கழட்டினா?" ஞானம்மா கேட்டாங்க.

"பழையபடி ஆயிடும்மா. கொதிச்சுக் கொதிச்சுப் போகணும்."

"அதுல நான் போய்ச் சேர ரெண்டு நாளாகுமே தம்பி."

எனக்கு ஆத்திரம். கழட்டறதா? தாம்பரத்துலயே முதல் டர்போ! இன்னொரு பக்கம் வாய் வரைக்கும் வந்துடுச்சு, 'மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆகாது சார்'னு. சொல்லியிருந்தா அவர் நம்பியிருப்பார். அதுதான் பயம்.

வாத்தியார் என்னைத் தனியா கூப்பிடலை. எல்லார் முன்னாடியும்தான் கேட்டார். குரல் மட்டும் தணிவா.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க உங்க வீட்டம்மாவை இதுல உக்காரவெச்சு மலை ஏறுவீங்களா?"

கனகா என்னையே பாத்துக்கிட்டு நிக்கறா. எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லிப் பழகின வாய் இது. அன்னிக்கு, காதர் பாய் கையிலிருந்த பிளக்கை வாங்கி இன்னொரு தடவை பாத்துட்டுத்தான் திறந்தது.

"இப்போ இருக்கற மாதிரின்னா... மாட்டேன் சார்."

சொன்னதும் ஒரு மாதிரி லேசாயிடுச்சு. "ஆனா கழட்டவும் மாட்டேன். ஒரு வாரம் கொடுங்க. சரி பண்றேன். ஆனா என் காதை நம்பி இல்ல. மீட்டர் போடறேன். நீங்க தினம் காலையில வந்து உக்காரணும். உங்க காது வேணும்."

"சரி பண்ணிட்டேன்னு நீ சொன்னா," கனகா சொன்னா, "நானும் ஏறி உக்காருவேன். ஏலகிரி வரைக்கும்."

பாத்தீங்களா, எப்படிக் கட்டிப் போடறான்னு?

வேலை ஆரம்பிச்சது. பொறி சீக்கிரம் விழுந்துக்கிட்டிருந்தது, டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி திருப்பி அதைத் தாமதப்படுத்தினேன். கார்புரேட்டர் ஜெட்டைக் கொஞ்சம் பெரிசு பண்ணி பெட்ரோலைக் கூட்டினேன். எல்லாத்துக்கும் மேல, புகை டர்போவுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வால்வு வெச்சேன், பழைய ஸ்கூட்டர் ஸ்பிரிங் போட்டு. அழுத்தம் அளவுக்கு மேல ஏறினா ஸ்பிரிங் விலகும், புகை வேற வழியாப் போயிடும். இந்த வால்வை முதல்லயே வெச்சிருக்கணும். ஏன் வெக்கலை? 'பறக்க வெக்கிறேன்'னு சொல்லிட்டேனே! பறக்கறதுக்கு எவனாவது கடிவாளம் போடுவானா? அதான் காரணம். வேற ஒண்ணும் இல்ல.

டாஷ்போர்டுல ரெண்டு மீட்டர். ஒண்ணு அழுத்தத்துக்கு, ஒண்ணு சூட்டுக்கு. தினமும் காலையில வாத்தியார் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி பறங்கிமலை ஏத்தம். அவர் விரலைத் தூக்குவார். நான் முள் எங்கே நிக்குதுன்னு பாப்பேன். பாட்டு எழுதற நோட்டுப் புத்தகத்துல கடைசிப் பக்கத்துலேருந்து அவரே குறிச்சுக்குவார். முதல் நாள் அழுத்தம் ஏழு பவுண்டு தொட்டதுமே விரல் எழுந்தது. ஸ்பிரிங்கை மாத்தினேன். அப்புறம் இன்னொண்ணு. புதன்கிழமை பாதி ஏத்தம் வரைக்கும் விரல் எழவே இல்லை. மீதிப் பாதியில எழுந்தது. வெள்ளிக்கிழமை, அஞ்சு பவுண்டுல அழுத்தம் நின்னது. விரல் மடியிலேயே கிடந்தது. மீட்டர் கண்ணாடி மேல, அந்த அஞ்சுல, கனகாவோட நகப்பூச்சை எடுத்து சிவப்புக் கோடு போட்டேன். பிளக்கைக் கழட்டிப் பாத்தேன்.

டீ கலர்!

காதர் பாய் அதை விரல்ல உருட்டி உருட்டிப் பாத்தார். "இதுல என் சம்சாரத்தையும் ஏத்தலாம் மொதலாளி. ஆனா அது வராது. நீங்க ஓட்டுறதைப் பாத்திருக்குது."

சனிக்கிழமை விடிஞ்சதும் கிளம்பிட்டோம். நான் ஸ்டியரிங், பக்கத்துல வாத்தியார், பின்னாடி கனகாவும் ஞானம்மாவும், மடியில முறுக்கு டின். அடிவாரம் வந்ததும் மூணு பேரும் காதைத் தீட்டிக்கிட்டாங்க. என் ஒரு கண்ணு ரோட்டுல, ஒரு கண்ணு சிவப்புக் கோட்டுல. ஒண்ணாவது வளைவு. ரெண்டு. மூணு... பழைய நாள்ல தண்ணி ஊத்தற இடம் அது. தாண்டிட்டோம். ஒன்பதாவது வளைவுல ஒரு விரல் எழுந்தது. என் நெஞ்சு அடிச்சது எனக்கே கேட்டுது. உடனே காலைத் தளர்த்தினேன். முள் இறங்கினது. சூட்டு மீட்டர் கொஞ்சம் ஏறியிருந்தது. ஒரு மர நிழல்ல அஞ்சு நிமிஷம் நிறுத்தினோம், முறுக்கு சாப்பிட்டோம். அதுக்கு மேல கடைசி வளைவு வரைக்கும் ஒருத்தர் விரலும் எழலை.

பள்ளிக்கூட வாசல்ல போய் நிறுத்தினப்போ மத்தியானம்கூட ஆகலை. யாரும் எதிர்பாக்கலை. ஞானம்மா மெள்ள இறங்கி, கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, "ரெஜினா..."ன்னு ஒரு குரல் கொடுத்தாங்க. உள்ளேருந்து கையில சாக்பீஸோட ஓடிவந்தாங்க டீச்சர். அம்மாவையும் பொண்ணையும் பிரிக்கறதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு. வாத்தியார் தன் முறைக்காகக் காத்துக்கிட்டு நின்னார்.

ஊருக்குத் திரும்பினதும் ரெண்டு காரியம் பண்ணினேன். தகரம் தட்டற ஷெட்டுல எல்லாரும் காதுல பஞ்சு வெச்சுக்கணும்னு சட்டம் போட்டேன். நானும் வெச்சுக்கறேன். ஸ்க்ரூ டிரைவரை ஆணியில மாட்டிட்டேன். வாத்தியார் இன்னமும் மாசாமாசம் போறார், நோட்டைக் கொண்டுவந்து காட்டறார், நான் பிளக்கைக் கழட்டிப் பாக்கறேன்.

ஆனா அன்னிக்கு மலை மேல, கண்ணைத் துடைச்சுக்கிட்டே டீச்சர் சொன்னது இருக்கே... அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"எப்ப வந்தீங்க எல்லாரும்? கார் சத்தமே கேக்கலையே!"

கனகா பக்கம் திரும்பினேன். "பாத்தியா? டீச்சருக்கும் கேக்கலை."