பதினான்காம் எண் வீட்டுக்காரர்கள்

அம்மாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, இருபத்து நான்கு அறைகள் கொண்ட ஒரு மரத்தட்டு. வரும் கடிதங்களைப் பிரித்து வைக்க, முன்னறைச் சுவரில் மாட்டுவதற்காகச் செய்தோம். நான் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவள். ஒவ்வொரு அறையின் அகலமும் நூற்றிருபது மில்லிமீட்டர் என்று வரைபடம் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். அம்மா அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, உள்ளங்கையைப் பலகைமேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டாள்.

"இதுதாண்டி அளவு. கை நுழையலைன்னா கடுதாசியை எப்படி எடுக்கறது? இடுக்கி வெச்சா?"

அளந்து பார்த்தேன். நூற்றிருபத்தொன்று. அன்று முழுக்க அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

அம்மா முப்பத்தோரு வருடம் தபால் பிரித்தவள். ஆள் கிடைக்காத கடிதங்கள் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வரும். 'இந்த முகவரியில் இல்லை' என்று முத்திரை குத்தி, அனுப்பியவருக்கே திருப்புவாள். அவற்றில் ராணுவ ஓய்வூதிய அலுவலகத்தின் பழுப்பு உறைகள் நிறைய. அதே பெயர்கள் வருடா வருடம் வரும், திரும்பிப் போகும்.

ஓய்வு பெற்ற மறுவாரம் பேருந்து நிலையத்துக்குப் போனாள். பொருள் வைப்பறைக்குப் பின்னால், வீடில்லாத பழைய ராணுவக்காரர்கள் சிலர் படுத்திருப்பார்கள். ஒவ்வொருவராகப் பெயர் கேட்டாள். நான்காவது ஆளின் பெயர் அவளுக்குத் தெரிந்த பெயர். பதினோரு தடவை தன் கையாலேயே திருப்பி அனுப்பிய பெயர். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்க வீட்டு நம்பர் பதினாலு, எழுதிக்கோ தம்பி என்றாள்.

அந்தத் தம்பி அவளைவிட ஆறு வயது மூத்தவர்.

இரண்டு வருடத்தில் பதினான்காம் எண் வீட்டில் இருபத்து மூன்று பேர் குடியேறினார்கள். காகிதத்தில் மட்டும். முகவரி கிடைத்ததும் பலருக்கு ஓய்வூதியம் வந்தது. சிலர் வாடகைக்கு அறையும் பிடித்தார்கள். கணக்கெடுக்க வந்தவர், இரண்டு அறை வீட்டில் இத்தனை ஆண்கள் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்டாராம். "முறை வெச்சு" என்றிருக்கிறாள் அம்மா. அவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

தினமும் பத்து மணிக்குத் தபால்காரர் வருவார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வாசலில் வரிசை நிற்கும். யார் முன்னால் நிற்பது என்பது பணி மூப்புப்படி. இரண்டே நாள் வித்தியாசத்தில் ராணுவத்தில் சேர்ந்த ஒரு சமையல்காரரும் ஒரு லாரி ஓட்டுநரும் இதற்காக ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அம்மா வெளியே வந்து, தனக்கு முப்பத்தோரு வருட சர்வீஸ், அதனால் முதல் ஆள் தான்தான் என்று வரிசையின் முன்னால் போய் நின்றாள். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு யாரும் போட்டியிடவில்லை.

தெருவும் மெல்ல மெல்ல மாட்டிக்கொண்டது. யாருக்காவது அலுவலகத்தில் வேலை இருந்தால், முனையிலிருக்கும் முடிதிருத்துபவர் சும்மாவே சவரம் செய்துவிடுவார். இஸ்திரிக்காரர் சட்டை தேய்த்துத் தருவார். மாடி வீட்டு அத்தை மட்டும் தினமும் படியில் நின்று திட்டுவாள். வாசல்ல பட்டாளம் நிக்குதே, சண்டையா நடக்குது இங்க என்பாள். திட்டிக்கொண்டே அவர்கள் சட்டைக்கு அறுந்த பட்டனைத் தைத்துக் கொடுப்பாள்.

எல்லார் விவகாரமும் ஒருவழியாக முடிந்தது. முடியாதது அந்த நான்காவது ஆளுடையது மட்டும். ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தவர். வார்த்தைக்கு வார்த்தை வரி கட்டுகிறவர் மாதிரி பேசுவார். தெருவே அவரை 'வயர்லெஸ்' என்றது. கடிதங்களுக்குப் பதில் இல்லாததால், அவர் இறந்துவிட்டார் என்று அலுவலகம் எழுதி வைத்துவிட்டது. கோப்பைத் தேடிப் பிடிக்கவே அம்மாவுக்கு இரண்டு வருடம் ஆனது. இனி அவர் நேரில் வர வேண்டும். அந்த முகவரியின் வீட்டுக்காரரும் உடன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மாத முடிவுக்குள் வராவிட்டால் கோப்பு மூடப்படும். மூடினால் மூடியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் மருத்துவர்.

அன்று இருபத்து மூன்று பேரும் வந்தார்கள். யாரும் சொல்லாமலே மூப்புப்படி நின்றார்கள். வரிசையின் முதல் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்.

புதன்கிழமை அவள் நாட்காட்டியைப் பார்த்தேன். போன வியாழனில் 'வயர்லெஸ், ஆபீஸ்' என்று எழுதி அடித்திருந்தாள். அங்கிருந்து ஓர் அம்புக்குறி இந்த வியாழனுக்குப் போயிருந்தது. மாதத்தின் கடைசி நாள். போன வியாழன் நான் விடுப்பில் வந்த நாள். பலகை அறுத்த நாள்.

வயர்லெஸ் தபால் நேரத்துக்கு வந்தபோது நாட்காட்டியைக் காட்டிக் கேட்டேன்.

"மக வர்றா, பலகை அறுக்கணும்னாங்க. சரின்னேன்."

நான் அந்த அம்புக்குறியை மறுபடி பார்த்தேன். அவர் பேசி நான் கேட்டதிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"எட்டு வருஷமா செத்துத்தான் இருக்கேன் பாப்பா. ஒரு வாரத்துல என்ன ஆயிடப் போகுது?"

எனக்கு வயது முப்பத்து நான்கு.

நான் விளக்கினேன். வீடு அம்மா பெயரில் இருக்கிறது. நான் வேறு ஊரில் குடியிருப்பவள், என் கையெழுத்து செல்லாது. வாரிசுச் சான்று வாங்க இரண்டு மாதம் ஆகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று தொழிற்சாலை அறிக்கை மாதிரி சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு, சொல்லிக்கொண்டு போகலாம் என்று வந்ததாகச் சொல்லிச் செருப்பை மாட்டப் போனார்.

மாடிப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"ஏண்டி, மாடிக்கும் நம்பர் பதினாலுதானே? மாடி வரி ரசீது என் பேர்லதான் இருக்கு. இத்தனை நாளா சும்மாவா திட்டினேன்? வீட்டுக்காரின்னுதான் திட்டினேன்."

வியாழன் காலை மூவரும் போனோம். வயர்லெஸ் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டிருந்தார். எனக்கு அந்தக் கட்டடம் தெரியும். செவ்வாயன்று அம்மாவின் இறப்பைப் பதிய நான்காம் ஜன்னலில் நின்றேன். உயிரோடு இருப்பவர்களுக்கு ஐந்தாம் ஜன்னல்.

எழுத்தர் கோப்பைப் பார்த்தார். வயர்லெஸைப் பார்த்தார். மறுபடி கோப்பைப் பார்த்தார்.

"இறந்துட்டீங்கன்னு இருக்கே."

"தெரியும்."

அத்தை ரசீதை ஜன்னலுக்குள் நீட்டினாள். கண்ணு தெரியலையா, ஆளு முன்னாடி நிக்குது பாருங்க என்று ஆரம்பித்தாள். நான் முழங்கையால் இடித்தேன். எழுத்தர் அசரவில்லை. கண்ணால் பார்ப்பது கோப்பில் சேராது என்றார். ஒரு வெள்ளைத் தாளை வெளியே தள்ளினார்.

"உயிரோட இருக்கேன்னு எழுத்துல குடுங்க. வீட்டுக்காரங்க கீழே கையெழுத்து."

வயர்லெஸ் ஜன்னல் பலகையில் தாளை நேராக வைத்துக்கொண்டு எழுதினார். ஒரே வரி. அதற்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார். அத்தை தன் முழுப்பெயரையும், கேட்காமலே கணவர் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"தேதி போடணுமா?" என்று கேட்டார் வயர்லெஸ்.

"கண்டிப்பா" என்றார் எழுத்தர், நிமிராமல். "இது இன்னிக்கு உயிரோட இருக்கறதுக்கு மட்டும்தான் செல்லும். அடுத்த வருஷம் மறுபடி வந்து எழுதணும்."

அவர் தேதி போட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் போட்டார்: 10.40. எழுத்தர் அதையும் படித்துவிட்டு முத்திரை குத்தினார்.