எங்கள் வீட்டு நாய்க்கு வெயில் பழக்கம்

டென்மார்க்கின் இக்காஸ்டில் இருக்கும் எங்கள் ஆட்களில் சிலர் பெரிய வீடு வாங்கினார்கள், சிலர் கோயில் நிர்வாகத்துக்குள் புகுந்தார்கள், சிலர் இரண்டையும் செய்து பிரஷரைத் தேடிக்கொண்டார்கள். என் மனுசன் வேட்டைக்காரரானார். ஐம்பது வயதுக்கு மேல் மாலை வகுப்புக்குப் போய், பறக்கிற பறவையில் எதைச் சுடலாம் எதைச் சுடக்கூடாது என்று பாடமாக்கி, பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்தார். யுத்தத்துக்குத் தப்பி ஓடிவந்த ஒருவர் காசு கட்டித் துவக்குப் பிடிக்கப் பழகிய கதையை நான் யாருக்கும் விளங்கப்படுத்தப் போனதில்லை. எனக்கே விளங்கினால்தானே.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் திங்கட்கிழமை காலை டெனிஷ்காரர் எல்லோரும் கோப்பிக் கோப்பையோடு நின்று வேட்டைக் கதை கதைப்பார்கள். இவர் பக்கத்தில் நின்று சிரிப்பார். வருடக்கணக்காகச் சிரித்துச் சிரித்து அலுத்துப்போய், தானும் ஒரு கதை சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சைவம், சனிக்கிழமை வேட்டை என்று எங்கள் வீட்டு ஒழுங்கு மாறியது. கோயிலில் என்னை மறித்து, உயிரைக் கொல்லுகிறது பாவமில்லையா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். குளிர்காலம் தொடங்க, மான் இறைச்சி கிடைக்குமா என்று முதலில் போன் எடுப்பவர்களும் அவர்கள்தான். ஐஸ்கிரீம் பெட்டிகளில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பெட்டி ஒன்றாவது திரும்பி வந்ததில்லை.

பிறகு நாய் வந்தது. கம்பி போல முரட்டு மயிரும் தாடியும் வைத்த ஜெர்மன் இன வேட்டைநாய். நாய் வீட்டுக்குள் வந்தால் நான் எஸ்பியர்க்கில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தேன். நாய் வந்தது, நான் போகவில்லை. ஒருநாள் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்க, வந்து என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தது. அதோடு என் கதை முடிந்தது. நான் பெற்ற மகளிடம்கூட அவ்வளவு கொஞ்சிக் கதைத்ததில்லை என்று அந்த மகளே சொல்லிக் காட்டுவாள்.

இனி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் வேர்க்கிறது என்று சொல்வது மானக்கேடு. தொலைக்காட்சியில் வெப்ப எச்சரிக்கை வந்தால் மனுசன் துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "இதெல்லாம் ஒரு வெயிலே?" என்பார். முப்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்து அவருடைய உடம்பு டெனிஷ் பிரஜையாகிவிட்டது, வாய் மட்டும் இன்னும் யாழ்ப்பாணம். தொழிற்சாலையிலும் இதே கூத்துத்தான். கோடை வந்தால் எல்லோரும் கதவுப் பக்கம் ஒதுங்க, அனல் அடிக்கும் மெஷினடியில் இவரை நிறுத்துவார்கள். உனக்குப் பழக்கம்தானே என்று அன்போடு கேட்பார்களாம். இவரும் அன்போடு ஓம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றக்கூட ஏலாமல் படியில் இருப்பார்.

இந்த அன்பு வேட்டைச் சங்கத்துக்கும் பரவியது. அந்தக் கோடை வழமையை விடக் கொடுமை. வேட்டைநாய்களை வெயிலிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்று கோப்பி நேரத்தில் சிறிய உரை ஒன்று ஆற்ற முடியுமா என்று சங்கத் தலைவர் இவரைக் கேட்டார். சங்கத்தில் மூன்று தலைமுறையாக நாய் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வெயில் என்று வந்தால் இவர்தானாம் நிபுணர். இவருடைய ஊர் வீட்டில் நாய் இருந்ததே இல்லை. ஆடு ஒன்று இருந்தது.

மனுசன் எழும்பி நின்று பேசினார். நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், காருக்குள் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று அந்தச் சபையில் எல்லோருக்கும் தெரிந்ததையே சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுவதும் ஹீற்றர் கூட்டித்தான் இருக்கும், அதனால் எங்கள் நாய் வெப்பத்துக்குப் பழகிவிட்டது என்றும் சொல்லி வைத்தார். சபை தலையாட்டியது. அது சோறு தின்பதும் ஒரு காரணமாக இருக்குமோ என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார். இருக்கலாம் என்று இவரும் உண்மையாகவே சொன்னார். கைதட்டினார்கள்.

இது நடந்து கொஞ்ச நாளில், வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முந்தின பயிற்சி நாள் ஒரு சனிக்கிழமை வந்தது. அறுவடை முடிந்த வயல். தாரா வாத்தின் அளவில் தைத்த துணிப்பொதிகளைத் தூரத்தில் போட்டு வைப்பார்கள், விசில் ஊத நாய் ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வர வேண்டும். நான் வந்தது எல்லோருக்கும் தின்ன ரோல்ஸ் கொண்டுவந்து கொடுக்க. ஓகூஸில் வேலை செய்யும் மகள் லீவில் வந்து நின்றதால் அவள்தான் காரோட்டி வந்தாள். மனுசன் அந்தக் கிழமை இரவு வேலை முடித்து, நாயையும் ஏற்றிக்கொண்டு நேரே வந்து சேர்ந்தபடியால் இவருடைய முறை கடைசியாகிவிட்டது.

அதற்குள் வெயில் உச்சியில் ஏறிவிட்டது. மற்ற நாய்களெல்லாம் மரத்தின் கீழே நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தன. இந்தச் சூட்டில் இனி ஒரு நாயையும் விடுவதில்லை, இன்றைக்கு இவ்வளவும் போதும் என்று தலைவர் அறிவித்தார். நல்ல முடிவு. உடனே ஒருவர், இவருடைய நாய் ஓடலாமே, அதற்குத்தான் பழக்கமாயிற்றே என்றார். அதுவும் சரிதான் என்றார் தலைவர். எல்லோரும் மனுசனைப் பார்த்தார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். கெட்ட எண்ணம் என்றால் திருப்பி ஏதாவது சொல்லலாம்.

நாய் நின்ற இடத்திலேயே மூச்சு இளைத்துக்கொண்டிருந்தது. "இஞ்சேருங்கோ, அது ஏலாமல் நிக்குது. விடாதேங்கோ" என்றேன்.

"நீர் பேசாம இரும். அதுக்குப் பழக்கம்" என்றார்.

சாதாரண நாய் என்றால் வெயில் ஏற அதுபாட்டுக்கு ஒரு நிழலைத் தேடிப் படுத்துவிடும், விசிலாவது மண்ணாங்கட்டியாவது. வேட்டைநாய் அப்படியில்லை. ஓடச் சொன்னால் ஓடும். நிற்கச் சொல்லாவிட்டால் நிற்காது. முதல் பொதியை அம்பு போலப் போய் எடுத்து வந்தது. இரண்டாவதைக் கவ்வ வாய் மூடவில்லை, நாக்கு கருஞ்சிவப்பாக வீங்கி ஒரு பக்கம் தொங்கியது. இரண்டு தரம் கீழே போட்டுத் திரும்ப எடுத்தது. மூன்றாவது பொதிக்குப் போன இடத்தில் சும்மா வட்டமடித்தது. பின்னங்கால்கள் குடித்த வெறிகாரனின் கால் மாதிரிப் பின்னின. இவர் திரும்பி வரச்சொல்லி விசில் ஊதினார். அந்த நிலையிலும் அது விசில் கேட்ட திசைக்கு வந்தது. வந்து, எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தது.

சங்கத்தில் வயது போன டெனிஷ் பெண் ஒருவர் இருந்தார். தண்ணீர், தண்ணீர் என்று கத்திக்கொண்டு கூடாரத்துக்கு ஓடினார். அங்கே பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் பியர் போத்தல்கள் குளிர்ந்துகொண்டிருந்தன. ஐஸ் எல்லாம் கரைந்து நல்ல தண்ணீராக இருந்தது. அவசரம் என்று விளங்கி ஆண்கள் இரண்டு பேர் உதவிக்கு வந்து, போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, புல்லில் நிமிர்த்தி வைக்கத் தொடங்கினார்கள். நான் தொட்டியைப் பிடித்து மிச்சப் போத்தல்களை நிலத்தில் கவிழ்த்துவிட்டேன். அவர்களுடைய முகம் நாய் விழுந்தபோதுகூட அப்படிப் போகவில்லை.

நாயைத் தூக்கித் தொட்டிக்குள் இறக்கினோம். வயிற்றிலும் கால் இடுக்கிலும் தண்ணீர் படட்டும், தலை மேலே இருக்கட்டும் என்று அந்தப் பெண் சொல்லச் சொல்லச் செய்தோம். மகள் ரோல்ஸ் தட்டைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அதால் விசிறினாள். நான் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன், கோயிலில் இவரைப் பற்றிக் கதைத்தவர்களை எல்லாம் மன்னிப்பதாகவும் சொன்னேன். தலைவர் என் பக்கத்தில் வந்து, ஆனால் அது வெயிலுக்குப் பழகியது என்றல்லவா நினைத்தோம் என்றார். பாவம், மனம் நொந்துதான் சொன்னார்.

"இது இஞ்சதான், ஹொல்ஸ்டப்ரோவில பிறந்தது" என்று டெனிஷில் சொன்னேன்.

மகள் பக்கென்று சிரித்துவிட்டாள். பாலர் பள்ளியில் தொடங்கி இன்றைக்குவரை, இந்தக் குளிரை எப்படித் தாங்குகிறாய் என்று கேட்கப்படுகிற பிள்ளை அவள். இங்கே ஹேர்னிங்கில் பிறந்தவள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழத் தொடங்கினாள்.

ஹேர்னிங்கில் மிருக வைத்தியர் சேலைன் ஏற்றினார். குளிர வைத்துக் கொண்டுவந்ததால்தான் உயிர் இருக்கிறது, சிறுநீரகத்தை இன்னும் பார்க்க வேண்டும் என்றார். ஞாயிறு மாலை வீட்டுக்கு விட்டார்கள். அடுத்த நாள் முழுவதும் ஓர் ஆள் பக்கத்தில் இருந்து தண்ணீர் குடிக்கிறதா, மூத்திரம் போகிறதா, நிறம் என்ன என்று கவனிக்க வேண்டுமாம். எனக்கு வயோதிபர் பராமரிப்பில் வேலை, கோடை லீவுக்கு ஆட்கள் போய் மாற்றுக்கு ஒருவரும் இல்லை. மகளுக்குக் காலை ரயில்.

திங்கட்கிழமை காலை மனுசன் குசினியில், அடுப்படி நிலத்தில் நாய்க்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தொழிற்சாலைப் போர்மனுக்குப் போன் எடுத்தார். மெஷின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் ஸ்பீக்கரில்தான் கதைப்பார். இந்த நாட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், வருத்தம் என்றால் முதல் நாள் தாயோ தகப்பனோ வீட்டில் நிற்கலாம். ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் அப்படி நின்றது எப்போதும் நான்தான். இவர் மெஷினை விட்டு ஒருநாள் நின்றது கிடையாது.

"பிள்ளைக்கு வருத்தம். இண்டைக்கு முதல் நாள். நான் வரேல்லை" என்று டெனிஷில் சொன்னார்.

போர்மனுக்கு எங்கள் மகளைத் தெரியும். பிள்ளைக்கு இப்போது என்ன வயது என்று மெதுவாகக் கேட்டார்.

"நாலு வயசு."

அப்படியானால் கட்டாயம் வீட்டில் நில், பிள்ளை நல்லாகட்டும் என்று போர்மன் சொன்னார். அவரும் வேட்டைக்காரர்தான்.

மகள் பையைத் தோளில் போட்டபடி கதவடியில் நின்றாள். நாங்கள் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லுகிற பிள்ளை, அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, எனக்கு நீங்க ஒருநாளும் லீவு எடுக்கேல்லை."

அவர் ஓம் என்றார். நாயின் வயிற்றில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை.