முந்நூறு லைனும் மூச்சு வாங்கும் பென்டிரைவும்

நெட் லைன் போடுவதும் பழைய கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பதும் சேர்ந்த எங்கள் தொழிலில், வேகமாக ஓடினால் பேர் கம்பெனிக்கு, மெதுவாக ஓடினால் திட்டு நமக்கு. பைக்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அலைகிற என் சக பாவப்பட்டவர்களே, நீங்களும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். என் பங்கைக் கேளுங்கள்.

எட்டுக் கணக்கு

விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர். நூறு லைன், அதாவது நொடிக்கு நூறு மெகாபிட் வேகத்தில் ஓடுவது, போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் சாப்பிட உட்கார்ந்தேன், போன் வந்துவிட்டது. "பன்னெண்டுதாங்க காட்டுது." தட்டை மூடிவைத்துவிட்டு ஓடினேன். ஏதோ ஒரு ஃபைல் இறங்கிக்கொண்டிருந்தது; திரையில் பன்னிரண்டுதான். லைனை நாங்கள் அளப்பது பிட்டில், கம்ப்யூட்டர் காட்டுவது பைட்டில், எட்டு பிட்டு சேர்ந்தால்தான் ஒரு பைட்டு, நூறை எட்டால் வகுத்துப் பாருங்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதியே காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்போ எட்டுல ஒரு பங்குதான் குடுக்கிறேன்னு நீங்களே ஒத்துக்கினீங்க."

பாபு அண்ணனின் பொட்டி

பாபு அண்ணன் திண்டிவனத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவருக்கு முந்நூறு லைன் போட்டுக் கொடுத்து ஒரு மாசம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் மூன்றரை மணிக்கு போன்: "ஜல்தி வா, உன் லைனு பேஜாரு பண்ணுது." போனால், ஸ்டூலில் ஒரு பெண் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேர் செல்வி, வல்லத்துப் பக்கம். வீட்டுக்காரர் வெளிநாட்டில். மனைவிக்கான விசாவுக்குக் கல்யாணப் போட்டோ ஏற்ற வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிதான் கடைசி. வீட்டில் இருந்த ஆல்பம் மழை வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் படமெடுத்த அண்ணன், அதைத் தன் பழைய கம்ப்யூட்டர் பொட்டியில் போட்டுவைத்திருந்தார். உலகத்தில் வேறு காப்பி கிடையாது.

அந்தப் பொட்டியில் பென்டிரைவைச் சொருகி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நொடிக்கு ஒரு எம்.பி. கல்யாணமோ ஏழு ஜி.பி. இரண்டு மணி நேரம் ஆகும் என்று பொட்டியே சொன்னது. டிஸ்க் வேறு கடக் கடக் என்று சத்தம் போட்டது. நிறுத்திக் கழற்றினால் திரும்ப ஓடுமா, தெரியாது. அண்ணன் என்னை முறைத்தார். "முந்நூறுன்னு வாயால சொல்லிட்டுப் போய்ட்ட, இங்க ஒண்ணுலயே நின்னுக்கினு கீது பாரு."

பொட்டு வைக்கிற இடம்

லைனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அண்ணே, என்றேன். டிஸ்க்கையும் குறை சொல்லக் கூடாது. கிழடுதான், ஆனால் அது மாட்டியிருக்கிற பட்டை கேபிள் இவருடைய முந்நூறு லைனைவிட அதிகமாகவே தாங்கும். வேகம் சிக்கிக்கொண்டது பென்டிரைவ் சொருகுகிற அந்தக் காலத்து ஓட்டையில். மண்டபத்தில் சமையல் எல்லாம் ரெடி, பந்திக்குப் போகிற கதவு மட்டும் ஒண்ணரை அடி. பொட்டியின் பின்னால் நெட் கேபிள் சொருகுகிற வழி ஒன்று இருக்கும், அது பத்து மடங்கு அகலம், அதன் வழியாகப் புதுக் கம்ப்யூட்டருக்கு இழுத்துவிடலாம் என்று பொட்டியைத் திருப்பினேன்.

வழியையே காணோம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அண்ணன் அங்கேதான் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறார். ஒரு வருஷத்துச் சந்தனத்தையும் துடைத்ததில்லை. எல்லாம் சேர்ந்து சிமென்ட் பூசின மாதிரி இறுகிக் கிடந்தது. பல் குத்துகிற குச்சியை வைத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். மணி நாலு தாண்டியது. செல்வி வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், சாமி பேராகத்தான் இருக்கும். "ஏண்ணே, முன்னாடி இவ்வளவு எடம் இருக்க, இதுலதான் வைக்கணுமா?" என்று கேட்டேன். அண்ணன் அசரவில்லை. "முன்னாடி வச்சா வழிஞ்சிடுது. இதுதான் பொட்டு வைக்கத் தோதா குழியா இருந்துது."

பத்தே பத்து

நாலு இருபத்தைந்துக்குக் கேபிள் சொருகினேன், பச்சை விளக்கு எரிந்தது. ஏழு ஜி.பி.யும் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் புதுக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே நம்ம லைனு பார்த்துக்கும்மா, மொத்தத்தையும் ஏத்திடலாம்" என்று செல்வியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் விசா பக்கத்தைத் திறந்தார். கேட்டிருந்தது பத்தே பத்து போட்டோ, அதையும் சின்னதாக்கித்தான் போட வேண்டும். பென்டிரைவிலேயே ஒரு நிமிஷ வேலை! "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்றேன். "யாரும் கேக்கலியேண்ணா. எல்லாம் வந்தாத்தான் எடுக்க வரும்போலன்னு ஒக்காந்துக்கினு இருந்தேன்."

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பத்தும் ஏறி, பெற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்துவிட்டது. நான் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செல்வி எழுந்திருக்கவில்லை. முதல் போட்டோவிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தார். "அதான் வேலை முடிஞ்சிதேம்மா" என்றார் பாபு அண்ணன். செல்வி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "விசாவுக்குப் பத்து போதும்ணா, எனக்கு மொத்தமும் வேணும்."

எவ்வளவு வேகம் என்று நாள் முழுக்க வாய் கிழியப் பேசுகிற நாங்கள், எதற்கு வேண்டும் என்று கேட்பதை மட்டும் வேலை முடிந்த பிறகுதான் வைத்துக்கொள்கிறோம்.