இடது கால் யார் வழி

சென்ற ஆண்டு நாட்குறிப்பில், ஆகஸ்டு மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக நான் எழுதி வைத்திருப்பது இது: “பிற்பகல் முழுக்க மழை. தங்கை வீட்டில் பந்தாட்டம் பார்த்தோம். மருமகன் பிற்பாதியில் இறங்கினான். வர்ணனையாளர் சொன்னது: அந்த இடது கால் தந்தை வழிச் சொத்து, ஃபுளோரஸ் தீவின் கடற்கரை மணலில் பழகிய கால். மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார்.”

மருமகன் என்று நான் எழுதுவது என் தங்கை மகனை. பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பந்தாட்டமே அவன் பிழைப்பு. மாப்பிள்ளை அவனுடைய தந்தை. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். அவரும் தங்கையும் தேவாலயப் பாடற்குழுவில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். இன்றைக்கும் அவர் கையில் இருப்பது நிரந்தர வாசிக்கான சிவப்பு அடையாள அட்டைதான்.

வர்ணனையாளர் சொன்ன இரண்டு செய்திகளும் தவறு. மாப்பிள்ளையின் ஊர் கடற்கரையில் இல்லை. மலைமேல், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. கப்பலேறப் போன அன்றைக்குத்தான் கடலைக் கிட்டத்தில் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அடுத்தது, அவருக்குப் பந்தைக் கண்டால் பயம். திடலோரம் நிற்கும்போது பந்து தம் பக்கம் உருண்டு வந்தால், குளிர்ச்சட்டைப் பையிலிருந்து கையை எடுக்காமலேயே இரண்டடி தள்ளி நின்றுகொள்வார்.

அந்த இடது கால் எங்கே உருவானது என்பது எனக்குத் தெரியும். எங்கள் திடல் தொழிற்சாலைக்குக் கீழே இருக்கிறது. அதில் ஒரே ஒரு கோல் கம்பம்தான். எதிர் முனையில் இன்னொன்று இருந்த இடத்தில் லோரிகளை நிறுத்த ஆரம்பித்துப் பல காலமாகிறது. ஆகவே இரண்டு அணியும் ஒரே கம்பத்தை நோக்கித்தான் ஆடும். கம்பத்தைப் பார்த்து ஓடுகிறவனுக்கு இடப்பக்கம் தொழிலாளர்களின் லயத்து வீடுகள், வலப்பக்கம் செங்குத்தான தேயிலைச் சரிவு. பந்து அந்தச் சரிவில் விழுந்தால் ஓடைவரை போகும். உதைத்தவன்தான் போய் எடுக்க வேண்டும். அதில் பெரியவன் சின்னவன் பேதம் கிடையாது. இடுப்பளவுச் செடிகளுக்குள் இறங்கி ஏறினால் முட்டியெல்லாம் கீறல், கணுக்காலெல்லாம் அட்டை. அதனால் பந்தைச் சரிவுப் பக்கம் விடாமல் இடது காலோடு வைத்துக்கொண்டே ஓட எல்லாரும் பழகிவிடுவார்கள். மாலையில் மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கிறவன் தெரியமாட்டான். அப்போது குரல் வரும் திசைக்குத் தரையோடு தட்டிவிட வேண்டும். மருமகனிடம் கீழ்நாட்டார் வியக்கும் அத்தனையும் இந்தத் திடல் சொல்லிக் கொடுத்தது. எங்கள் தோட்டத்தில் அப்படி ஆடத் தெரிந்தவர்கள் இன்னும் பலர் உண்டு. அவர்கள் கொழுந்து வெட்டும் இயந்திரத்தோடு நிற்கிறார்கள்.

அவனைப் பதினாறு வயதில் பந்தாட்டக் குழுக்காரர்கள் மலைக்குக் கீழே, சமவெளிக்கு அழைத்துப் போனார்கள். முதல் வாரமே வெயிலில் மயங்கி விழுந்தான். மலையில் வளர்ந்தவனுக்கு ஆட்டத்தின் நடுவே தண்ணீர் குடிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. பிறகு ஒரு குழுவின் இளையோர் அணி, முழங்காலில் அறுவைச் சிகிச்சை, ஓராண்டு சும்மா இருந்தது, இரண்டாம் நிலைக் குழு ஒன்று, அங்கிருந்து மறுபடி மேலே. தலைப்புச் செய்தியில் வருகிற ஆட்டக்காரன் இல்லை அவன். அன்றைக்கு வர்ணனையாளர் அவனைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியதே அபூர்வம்.

அந்தப் பேச்சு பக்கத்துச் சிறுநகரமான ரிங்லெட் வரை போய்விட்டது. மறு சனிக்கிழமை நானும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு கடையில் உட்கார்ந்திருந்தோம். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோசு ஏற்றி வந்த லோரிக்காரர் ஒருவர் தம் மேசையிலிருந்தே கூப்பிட்டார்.

“அண்ணே, டிவில சொன்னாங்களே, ஒங்க காலாமே அது?”

“என் காலு எங்கிட்டதான் இருக்கு லா,” என்றார் மாப்பிள்ளை, மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தபடி.

கடையே சிரித்தது. எங்கள் தேநீருக்கும் ரொட்டிக்கும் லோரிக்காரரே காசு கொடுத்துவிட்டுப் போனார். இத்தனை வருஷமாக அந்தக் கடையில் மாப்பிள்ளைக்கு ‘இந்தோன்காரர்’ என்றுதான் பெயர். அன்று முதல் ‘பந்துக்காரன் அப்பா’. வீடு திரும்பும் வழியில் அவர் காரை நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓட்டினார்.

தேவாலயத்தின் ஆண்டு மலருக்கு மருமகனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி அக்டோபரில் என்னைக் கேட்டார்கள். திடலைப் பற்றியும் சரிவைப் பற்றியும் எழுதினேன். முடிவில் ஒரு வரி சேர்த்தேன்: “சிலர் கூறுவதுபோல இது தந்தை வழி வந்ததன்று, தந்தை பந்தாடியவர் அல்லர்.” தங்கை படித்துவிட்டு, “ஒன் தேதியெல்லாம் சரியாத்தான் இருக்குண்ணே,” என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பரில் விடுமுறைக்கு வந்த மருமகன் என்னைத் திடலுக்கு அழைத்துப் போனான்.

“மாமா, நீங்க எழுதினத அம்மா போன்ல படிச்சுக் காட்டினாங்க.”

“தப்பு எதுவும் இருக்கா?”

“ஒண்ணும் இல்ல. கடைசி வரிய மட்டும் எடுத்துடுங்களேன்.”

“டிவிக்காரன் சொன்னத அப்படியே விட்டுறச் சொல்றியா?”

“கிறிஸ்மஸ் பூசை முடிஞ்சு எல்லாரும் அந்த மலரோடதான் வெளிய வருவாங்க. அப்பா வாசல்ல நிப்பாரு. அப்புறம் ரிங்லெட்டு கடையில அவரச் சும்மா விடுவானுங்களா?” பந்தை இடது காலால் உருட்டிக்கொண்டே பேசினான். “அம்மாவுக்கு இந்த மலை பூரா சொந்தக்காரங்க, மாமா. அப்பாவுக்கு யாரு இருக்கா? எனக்கு இந்த சீசனோட கான்ட்ராக்ட் முடியுது. புதுசு கெடைக்குமான்னு தெரியல. கெடைக்கலன்னா டிவில இன்னொரு தடவ யாரும் அதச் சொல்லப் போறதில்ல.”

அந்த வரியை எடுத்துவிடுவது சுலபம். ஆனால் எழுதாமல் விட்டதற்கும் ஒரு பொருள் உண்டாகிவிடும். பிற்காலத்தில் மலரைப் புரட்டுகிறவன், தொலைக்காட்சிக்காரர் சொன்னதை நானும் ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வான். அப்போதுதான் ஒன்று உறைத்தது. மாப்பிள்ளை பந்தாடியவர் அல்லர் என்று அச்சிடக் கொடுத்தேனே, அவரிடம் கேட்டேனா? அவர் பந்துக்கு ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். பதினெட்டு வயதுவரை அவர் தம் ஊரில் இருந்ததைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

அன்று மாலை மாப்பிள்ளை வீட்டுப் பின்புறம் கீரைக்கு நெகிழித் தாள் போர்த்திக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, சின்ன வயசுல பந்து ஆடியிருக்கீங்களா?”

அவர் தாளின் ஓரத்தில் ஒரு கல்லை எடுத்து வைத்தார். “ஒரே ஒரு மேட்ச், மச்சான். பள்ளிக்கூடத்துல. ஒரு ஆளு கொறஞ்சிடுச்சு, என்னை இழுத்து விட்டாங்க. ஒரு கோலு போட்டேன்.”

“எந்த வருஷம்?”

“காப்பிப் பழம் பறிக்கிற நேரம்.”

“யாரோட ஆடினீங்க?”

“பக்கத்து கம்போங் ஊர்ப் பசங்க.”

“எந்தக் காலு?”

தம் இரண்டு கால்களையும் பார்த்தார். ரப்பர் காலணியில் சேறு அப்பியிருந்தது. பிறகு இடது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

“இதான்னு நெனக்கிறேன்.”

“அப்புறம் ஏன் பந்தப் பார்த்து பயப்படுறீங்க?”

“அந்த மேட்ச்லதான் மூக்குலயும் ஒண்ணு வாங்கினேன்,” என்றார். சன்னலுக்கு உள்ளே தங்கை சிரிப்பது கேட்டது.

ஊரில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கு மருமகன் மூலம் வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்பினேன். “அவனா? பந்தா?” என்று சிரித்து ஒரு குரல்பதிவு வந்தது. ஆனால் மாப்பிள்ளை பள்ளியில் படித்த நாட்களில் அந்த அண்ணன் வேறு தீவில் வேலை பார்த்திருக்கிறார். ஆகவே அவருடைய சிரிப்பைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. பள்ளிக்கூடத்துக்கும் எழுதினேன். மலர் அச்சுக்குப் போகும்வரை பதில் இல்லை.

திடலைப் பற்றிய பகுதியில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று எழுதிக் கொடுத்தேன். பூசை முடிந்ததும் மாப்பிள்ளை வாசல் ஓரமாக நின்று அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். தமிழ் எழுத்து அவருக்கு மெதுவாகத்தான் வரும். படித்துவிட்டு, “பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு லெட்டர் போடுங்க, மச்சான்,” என்றார். போட்டிருக்கிறேன்.

மலரில் இருப்பது இதுதான்: “இவருடைய தந்தையும் தம் ஊர்ப் பள்ளிக்காக ஒரு பந்தயம் ஆடி, இடது காலால் ஒரு கோல் அடித்ததாகக் கூறுகிறார். இது இன்னும் உறுதி செய்யப்படவில்லை.”