வெளியூர்க்காரர் கட்டணம்

என் தாய்மாமா லைல் பூன்ஸ்ட்ராவுக்கு ஐம்பத்து நான்கு வயது. மிச்சிகனில் அவர் பிறந்த ஊராட்சியின் எல்லைக்குள்ளேயே பள்ளிக்கூடம், கல்யாணம், வீடு, வெள்ளரி ஊறுகாய்த் தொழிற்சாலையில் வேலை எல்லாம் அமைந்துவிட்டன. ஊராட்சி மன்றத்தின் ஐந்து உறுப்பினர்களில் அவரும் ஒருவர். கூட்ட மேசையில் அவர் பெயர் பொறித்த பித்தளைப் பலகை இருக்கிறது. கூட்டம் மாதத்துக்கு ஒருமுறைதான். மாமா தினமும் உறுப்பினர். பெட்ரோல் போடும்போதும், சர்ச்சில் காபி குடிக்கும்போதும்.

ஆறு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நான் திரும்பி வந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்கெல்லாம் சொத்து வரி எவ்வளவு?" மூன்று நாடுகளில் விடுதிக் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றியவளிடம் வேறென்ன கேட்பது என்று நினைத்திருக்கலாம். எனக்குப் பட்டம் கிடையாது. பக்கத்து டவுனில் வன்பொருள் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துக்கொண்டு, அங்கிருந்த சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தேன். காரணம் எளிது. அதைவிட மலிவாக எதுவும் இல்லை.

மாமாவின் வீட்டிலிருந்து நான்கு மைலில் இருக்கும் அந்தக் கல்லூரியை அவர் அதன் பெயரால் அழைத்ததே இல்லை. "பதிமூணாம் வகுப்பு" என்பார். பதினோரு வருடத்துக்கு முன்னால், கல்லூரிக்கு வீட்டு வரி கட்டும் வட்டத்தில் சேர்கிறீர்களா என்று அவருடைய ஊராட்சியிடம் வாக்குச்சீட்டில் கேட்டார்கள். அவர் வீட்டைப் போன்ற ஒரு வீட்டுக்கு வருடம் தொண்ணூறு டாலர். "பள்ளிக்கூடத்துல உருப்படாததுங்களுக்கு நான் ஏன் அழணும்?" என்று நாற்பது வீட்டு வாசலில் 'வேண்டாம்' பலகை நட்டார். அறுபது வாக்கில் ஜெயித்தார். அந்தப் புகழில்தான் அடுத்த வருடம் உறுப்பினரானார். அவர் வாழ்க்கையில் தானாக முன்வந்து செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

போன வருடக் கோடையில் தொழிற்சாலை கைமாறியது. குளிரூட்டும் இயந்திரங்களைத் தொடுபவருக்குக் கல்லூரிச் சான்றிதழ் வேண்டும், ஒரு வருடத்துக்குள் வாங்காதவர் புட்டிக்கு மூடி போடும் வரிசைக்குப் போகலாம் என்று புது முதலாளி அறிவித்தார். அங்கே சம்பளம் பாதி. இருபத்தெட்டு வருடமாக அந்த இயந்திரங்களைத் திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டே பராமரித்த மாமா, ஆகஸ்டில் பதிமூணாம் வகுப்பின் கவுண்டரில் போய் நின்றார். வரிசையில் அவருக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண், சிறையிலிருந்து வந்து ஒரு மாதமே ஆன ஒருவர், முகத்தில் பரு மாறாத இரண்டு பையன்கள். மாமா தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டார்.

கவுண்டரில் இருந்த ரமோனா அவரோடு பள்ளியில் படித்தவள்.

"லைல்! வழி தப்பி வந்துட்டியா?"

"குளிரூட்டும் படிப்பு. முப்பத்திரண்டு கிரெடிட். எவ்வளவு ஆகும், சொல்லு."

"வரி வட்டத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு கிரெடிட்டுக்கு நூத்து முப்பது. உனக்கு இருநூத்து நாப்பத்தஞ்சு."

"எனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"நீ வெளியூர்க்காரன்."

"நாலு மைல், ரமோனா! இந்தக் கட்டடத்துப் புகைபோக்கி என் வீட்டு மாடியிலேர்ந்து தெரியுது!"

"பார்த்துக்கோ. பார்க்கறதுக்குக் காசு கிடையாது."

"இந்த ரெட்டைக் கட்டணத்தை எந்த மடையன் கண்டுபிடிச்சான்?"

ரமோனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "உன் வீட்டு வாசல்ல பலகைகூட இருந்துச்சே. பெருசா, சிவப்பு எழுத்துல."

அன்று சாயங்காலமே மாமா என் அறைக்கு வந்தார். கையில் அத்தை சுட்ட ஆப்பிள் பலகாரம். ஆறு வருடத்தில் எனக்கு ஒரு கடிதம்கூடப் போடாத மனிதர்.

"உன் முகவரியை நான் கொஞ்ச நாள் வச்சுக்கட்டுமாடி?"

"இங்க குடி வரப்போறீங்களா மாமா? ஒரே கட்டில்தான் இருக்கு."

"கிண்டல் பண்ணாத. டிரைவிங் லைசென்ஸ்ல மாத்தினா போதும். வட்டத்துக்குள்ள வந்துடுவேன்."

சரி என்றேன். பலகாரத்துக்காக இல்லை. என்ன ஆகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது.

லைசென்சின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளப் புது முகவரி அச்சிட்ட ஸ்டிக்கர் வந்தது. குறைந்த கட்டணத்தில் சேர்ந்தார். எங்கள் மாநிலத்தில் லைசென்ஸ் முகவரியை மாற்றினால் வாக்காளர் பதிவும் கூடவே மாறிவிடும். பதினெட்டு வயதுப் பையனுக்கும் இது தெரியும். ஊராட்சி மன்ற உறுப்பினருக்குத் தெரியவில்லை. அவர் பெயருக்கு என் தபால்பெட்டியில் வந்த வாக்காளர் அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை மடித்து, டிரக்கில் ஆடிக்கொண்டிருந்த கண்ணாடிக்கு முட்டுக் கொடுத்தார்.

அக்டோபர் மாத மன்றக் கூட்டத்தில் நானும் அத்தையும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பனி உருக ரோட்டுக்கு உப்புப் போடுவது பற்றிப் பேசி முடித்ததும் மன்றத் தலைவர் வெர்ன் ஒரு தாளை எடுத்தார்.

"லைல், கொஞ்சம் சங்கடமான விஷயம். நீ எங்க குடியிருக்கே?"

"என்னய்யா கேள்வி இது? போன ஞாயித்துக்கிழமை என் வீட்டுப் பின்னாடி உட்கார்ந்து நாலு துண்டு கறி தின்னியே!"

"அஞ்சு. அது இல்ல விஷயம். தாள்ல எங்க குடியிருக்கே? உன் வாக்கு டவுனுக்குப் போயிடுச்சு. அங்க குடியிருந்தா இந்த நாற்காலி உனக்குக் கிடையாது."

யாரோ சிரித்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். பிறகு பித்தளைப் பலகையைப் பார்த்தார். டவுனில் இருக்கிறேன் என்றால் கட்டணம் மிச்சம், நாற்காலி போய்விடும். வீட்டில் இருக்கிறேன் என்றால் நாற்காலி மிஞ்சும், கல்லூரிக்கு மூவாயிரத்து அறுநூற்று எண்பது டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

"என் வீட்லதான்," என்றார். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுவாரம் லைசென்ஸ் முகவரியைப் பழையபடி மாற்றிவிட்டு, தன் படகை விற்றார். ரமோனா பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டாள்.

அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினால் அவர் வேறு ஆள். பழுதான கம்ப்ரசரை ஒருமுறை தட்டிப் பார்த்து, எந்த வால்வு என்று சொல்லிவிடுவார். ஆசிரியரே எழுதி வைத்துக்கொள்வார். கணக்குத்தான் வரவில்லை. பின்னத்தைப் பார்த்தால் வேர்த்துவிடும். அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் ஷெல்பி. இருபது வயது, அந்த வகுப்பில் ஒரே பெண், பெட்ரோல் பங்கில் வேலை, மாமாவின் ஊராட்சிக்காரி. ஆகவே அவளுக்கும் வெளியூர்க்காரர் கட்டணம். ஒரே வருடத்தில் முடிக்கப் பணம் போதாமல், பாதிப் பாடங்களை அடுத்த வருடத்துக்குத் தள்ளியிருந்தாள்.

"உறுப்பினரே, மேல இருக்கற எண்ணைக் கீழ போட்டுட்டீங்க. தலைகீழா நிக்குது பாருங்க, உங்க ஊராட்சி மாதிரியே."

"வாயைப் பாரு இதுக்கு!" என்பார் மாமா. ஆனால் சிரிப்பார். அவள் காரின் ஹீட்டரைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார்.

ஏப்ரலில் கல்லூரி மறுபடியும் அதே கேள்வியை வாக்குச்சீட்டில் வைத்தது. மே மாதம் வாக்கெடுப்பு. அந்த வாரம் மாமாவின் டிரக் படுத்துவிட்டதால் ஷெல்பிதான் எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மாமாவின் வீட்டு வாசலில் சிவப்பு எழுத்துப் பலகை நின்றது.

"உறுப்பினரே, இந்தப் பழசை எடுக்க மறந்துட்டீங்களா?"

"இல்லம்மா. நேத்துதான் நட்டேன்."

ஷெல்பி என்ஜினை அணைத்தாள். "நம்ம ஊரு சேர்ந்துட்டா, அடுத்த வருஷம் எனக்குக் கிட்டத்தட்ட பாதி மிச்சம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நான் படகை வித்துக் கட்டினேன். எனக்கு எவனும் ஒரு காசு குறைக்கல. பின்னாடி வர்றவங்களுக்கு மட்டும் எதுக்குக் குறையணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. நியாயத்தை விளக்குகிற குரலில், பொறுமையாகச் சொன்னார்.

"உங்க சாப்பாட்டு டப்பா பின்சீட்ல இருக்கு, மிஸ்டர் பூன்ஸ்ட்ரா," என்றாள் ஷெல்பி.

மறுநாள் வகுப்பில் அவள் மாமாவின் பக்கத்து இருக்கையை விட்டு முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். கடைசித் தேர்வில் தேற எழுபது வேண்டும். மாமா எழுபத்தொன்று வாங்கினார். சான்றிதழைச் சட்டம் போட்டுத் தொழிற்சாலையில் மாட்டியிருக்கிறார். வட்டத்தில் சேரும் யோசனை இருபத்திரண்டு வாக்கில் தோற்றது.

செப்டம்பரில் ஷெல்பி கல்லூரிக்கு வரவில்லை. பங்கில் முழுநேர வேலைக்கு மாறிவிட்டாள். வாரா வாரம் மாமா அங்கேதான் டிரக்குக்கு பெட்ரோல் போடுகிறார். போன வாரம் நானும் கூட இருந்தேன்.

"படிப்பை விட்டுடாதம்மா," என்றார். "அதுதான் முக்கியம். என்னையே பாரு."

ஷெல்பி அவரைப் பார்க்காமல் கணினித் திரையைப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு டாலர்," என்றாள்.