வண்டிப் பேப்பரை எங்கே வைக்கலாம்?

வண்டிக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுக்கும் தொழிலில் வண்டியைப் பார்க்கவே வேண்டியதில்லை. பேப்பரைப் பார்த்தால் போதும், அதைத்தான் யாராலும் உடனே காட்ட முடியாது.

நீங்களும் வண்டி வைத்திருப்பவர்கள்தானே? போலீஸ்காரர் கை காட்டியதும் டேஷ்போர்டைத் திறந்து, டோல் சீட்டு, மாத்திரை அட்டை, எப்போதோ போன கல்யாணத்தின் பத்திரிகை எல்லாவற்றையும் மடியில் கொட்டித் தேடியவர்கள்தானே? உங்களைப் போன்றவர்களை ஒன்றரை வருடமாக மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எம்.ஏ. வகுப்பு இல்லாத சனி, ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் கள்ளக்குறிச்சியில் முருகேசன் அண்ணன் கடையில் எனக்கு வேலை. வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் போடுவது, புதுப்பிப்பது, ஆர்.சி. தொலைந்தால் நகலுக்கு எழுதிக் கொடுப்பது. வருகிறவர்களோடெல்லாம் நான் வாதாடுவதால் அண்ணன் எனக்கு வைத்திருக்கும் பெயர் வக்கீலம்மா.

இதை எழுதும்போது கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெள்ளையன் என்பவருடைய ஜீப் வெயிலில் நிற்கிறது. அது அவருக்குத் திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை. அது அங்கே நிற்பதில் எனக்கும் பங்கு இருக்கிறது. என்ன பங்கு என்று சொல்வதற்கு முன், பேப்பரை எங்கே வைப்பது என்பதைப் பற்றி நான் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாமி படத்துக்குப் பின்னால்

வடக்கனந்தல் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கார் வாங்கிய நாளிலிருந்து ஆர்.சி. அட்டையும் இன்சூரன்ஸ் தாளும் பூஜை அறையில், சாமி படத்துக்குப் பின்னால். வெள்ளிக்கிழமைதோறும் படத்துக்குப் பொட்டு வைக்கும்போது ஆர்.சி.க்கும் ஒரு பொட்டு. ஆயுத பூஜைக்கு முன்னால் அவர் மனைவி விளக்கு, தட்டு, மணியோடு அந்த அட்டையையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். அட்டை பளபளவென்று வந்தது. எழுத்துகள்தான் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. பேப்பர் கேட்கிற இடம் ரோடு, அதை வைத்திருக்கிற இடம் பூஜை அறை, இது என்ன கணக்கு என்று கேட்டேன். சாமியையா செக்போஸ்டில் நிறுத்துகிறார்கள் என்றும் கேட்டேன். அவர் பதறவேயில்லை. நகல் விண்ணப்பத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "பாப்பா, வண்டி ஓடறது சாமியால. பேப்பரு போலீஸுக்கு. ரெண்டு பேர்ல யார்கிட்ட குடுத்து வெக்கிறதுன்னு நீயே சொல்லு."

வண்டிக்குள்ளேயே

உளுந்தூர்பேட்டையில் டயர் கடை வைத்திருப்பவர் ஒருவர். வண்டிப் பேப்பர் வண்டியில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அசல் ஆர்.சி., அசல் இன்சூரன்ஸ், ஏன், இரண்டாவது சாவிகூட டேஷ்போர்டில்தான். புதுப்பிக்க வந்தபோதே எச்சரித்தேன்: அசல் வீட்டில் இருக்கட்டும், வண்டியில் நகல் போதும், போனில் அரசாங்கச் செயலியில் ஏற்றிவிட்டால் அதைக் காட்டினாலே சட்டப்படி செல்லும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். அந்தத் தாளையும் அவர் டேஷ்போர்டில்தான் வைத்தார்.

ஹைவேஸ் ஓட்டல் ஒன்றின் வாசலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது வண்டி இல்லை. புகார் கொடுக்கப் போனால் ஆர்.சி. கேட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனால் பாலிசியும் இரண்டு சாவியும் கேட்டார்கள். கடைசியில் எங்கள் கடைக்கு வந்து உட்கார்ந்தார். நான்தான் அப்போதே சொன்னேனே என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். "இப்ப அந்த வண்டிய எங்க மடக்கிக் கேட்டாலும் திருடன் கரெக்டா பேப்பர் காட்டுவாம்மா. பேப்பர் இல்லாத ஆளு நான் ஒருத்தன்தான்" என்றார்.

பீரோவில், பூட்டி

மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு அம்மா. கரும்பு போடுகிற குடும்பம். வீட்டுக்காரர் வெட்டு விஷயமாக ஆலைக்குப் போயிருந்தார். காருக்கு இன்சூரன்ஸ் அன்றோடு முடிகிறது, பஸ் ஏறிப் போய்ப் புதுப்பித்துவிட்டு வா என்று மனைவியை அனுப்பியிருந்தார். பழைய பாலிசி எங்கே என்றேன். பீரோவில். சாவி? அவர் அரைஞாண் கயிற்றில். சரி, வண்டி நம்பரை வைத்துப் பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரில் போட்டேன். உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. இது யாருங்க என்று திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, தன் பெயர்தான் என்றார்.

உடனே அவர் கணவருக்குப் போன் போட்டேன். வண்டிக்குச் சொந்தக்காரர் கையில் அந்த வண்டியின் பேப்பர் இல்லை, பீரோ சாவியும் இல்லை, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். பெண் பெயரில் வாங்கினால் ஏதோ சலுகை கிடைத்தது, அவ்வளவுதான், நீ உன் வேலையைப் பார் என்று போனை வைத்துவிட்டார். நான் திரும்பப் போட எடுத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்பேர்ல கீதுன்னு எனக்கு இன்னிக்கித்தாம்மா தெரியும். எனக்குத் தெரிஞ்சிப்போச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடாத, பேரை மாத்திடுவாரு."

யாரோ ஒருவர் போனில்

கல்லூரி மாணவர் ஒருவர் ஆர்.சி.யைப் படம் எடுத்து கேலரியில் வைத்திருந்தார். படம் செல்லாது, செயலியில் காட்டு என்று வழியில் அபராதம் போட்டுவிட்டார்கள். செயலியில் ஏற்றித் தரலாம் என்று நானே உட்கார்ந்தேன். ஓ.டி.பி. போன இடம் அவர் போன் இல்லை. பைக் வாங்கிய ஷோரூமில் எவரோ தன்னுடைய நம்பரைக் கொடுத்து வைத்திருந்தார், அவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒருவருடைய வண்டி விவரம் இன்னொருவருடைய போனில் இருப்பது திருட்டுக்குச் சமம் என்று கடை முழுக்கக் கேட்கும்படி பேசினேன்.

முருகேசன் அண்ணன் சிரித்துக்கொண்டே எங்கள் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்து காட்டினார். மலையிலிருந்து வருகிறவர்களில் பாதிப்பேருக்கு எங்கள் கடை நம்பர்தான் போட்டிருந்தது. அவர்களிடம் போன் இருக்காது, இருந்தாலும் ஊரில் டவர் கிடைக்காது. அதனால் ஒரு வரியில் காரியத்தை முடித்திருந்தோம். இது தப்பு இல்லையா அண்ணா என்றேன். "ஓ.டி.பி. வந்தா அத நமக்குத்தான சொல்லப் போறாங்க? நேரா நமக்கே வந்துட்டா ஒரு வேல கம்மி, வக்கீலம்மா."

டேப் ஒட்டிய உறை

எல்லோரோடும் சண்டை போட்டவள், அண்ணனுடைய அந்தப் பதிலோடு மட்டும் போடவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. அடுத்த வாரம் ஜீப்புக்கு ஒரு வருட இன்சூரன்ஸ் போட வெள்ளையன் வந்தார். வெள்ளிமலையும் தாண்டி, பஸ் போகாத ஒரு ஊர். பழைய ஜீப். மரவள்ளி மூட்டையும் அதில்தான் மலை இறங்கும், பிரசவ வலி எடுத்த பெண்ணும் அதில்தான் இறங்குவாள். அந்த ஊருக்கு அது ஒன்றுதான் வண்டி. அவரிடம் போன் இல்லை. செல்போன் எண் என்ற கட்டத்தில் எங்கள் கடை நம்பரை நானே அடித்தேன்.

ஆனால் பேப்பர் விஷயத்தில் நான் விடவில்லை. மழைக்கும் பனிக்கும் மலையில் எந்தத் தாளும் தாங்காது என்று அவரே சொன்னார். தடித்த பிளாஸ்டிக் உறை இரண்டு வாங்கி வரச் சொன்னேன். ஒன்றில் அசல், வீட்டில் டிரங்குப் பெட்டியில், மனைவிக்கும் தெரியும்படி. இன்னொன்றில் நகல், ஜீப்பில் சீட்டுக்கு அடியில். இரண்டையும் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மேலே ஸ்கெட்ச் பேனாவால் ஜீப் நம்பரை எழுதினேன். சும்மா சும்மா பிரிக்கக் கூடாது, போலீஸ் கேட்டால் மட்டும்தான் பிரிக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சொன்னார்: "பொறந்த புள்ளையக்கூட நாங்க இப்பிடிச் சுத்தி வெக்கிறதில்ல பாப்பா."

போலீஸ் கேட்டபோது

இந்த வருடம் பரீட்சைக்காக ஒன்றரை மாதம் ஹாஸ்டலில் இருந்துவிட்டு வந்தேன். வந்த முதல் சனிக்கிழமை கடை வாசலில் வெள்ளையன் நின்றிருந்தார். எப்போது வந்தீர்கள் என்றேன். கடை திறப்பதற்கு முன்பே வந்துவிட்டாராம். நடந்ததைச் சத்தம் போடாமல் சொன்னார். மலை இறங்கும்போது ஒரு வளைவில் எதிரே பைக்கில் வந்தவர் ஜீப்பில் மோதி விழுந்துவிட்டார். கட்டட வேலை செய்கிறவர். கால் எலும்பு முறிவு. மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு அவரைத் தூக்கி ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தது வெள்ளையன்தான். பிறகு அவரே ஸ்டேஷனுக்குப் போய் உறையைக் கொடுத்திருக்கிறார். அங்கேதான் முதல் முறையாக என் டேப்பைப் பிரித்தார்கள். உள்ளே தாளில் ஒரு மடிப்பு இல்லை, ஒரு ஈரம் இல்லை. இன்சூரன்ஸ் மட்டும் பதினோரு நாளுக்கு முன்பே முடிந்திருந்தது.

கடைப் போனை எடுத்துப் பார்த்தேன். அவர் வண்டி நம்பரைப் போட்டு, புதுப்பிக்கச் சொல்லி மூன்று எஸ்.எம்.எஸ். வந்திருந்தது. மூன்றையும் யாரும் திறக்கவில்லை. தேதி பேப்பரிலேயே அச்சடித்துத்தானே இருக்கிறது என்றார் முருகேசன் அண்ணன். இருக்கிறது, இங்கிலீஷில், நான் பிரிக்காதே என்று சொல்லி ஒட்டிக் கொடுத்த உறைக்குள்ளே என்றேன். அன்று மாலை வரை உட்கார்ந்து, எங்கள் நம்பர் போட்டிருந்த ஒவ்வொரு பெயரையும் எடுத்து, முடியும் தேதியைத் தமிழில் பெரிதாக எழுதினேன். மலைக்குப் போகிற ஆட்கள் கையில் தாள் தாளாகக் கொடுத்தனுப்பினேன். அதில் வெள்ளையனுக்கு ஒரு பயனும் இல்லை.

வக்கீல் ஒருவரிடம் அவரை அழைத்துக்கொண்டு போனேன். போன் நம்பர் எங்களுடையது, தகவல் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று எழுதி என் கையெழுத்தும் போட்டு எடுத்துப் போயிருந்தேன். வக்கீல் முழுதாகப் படித்தார். படித்துவிட்டு, தேதி தேதிதாம்மா என்றார். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதி ஆளுக்குக் காயம் என்றால், கோர்ட்டில் அதற்கு ஈடு காட்டினால்தான் வண்டி வெளியே வரும். கால் முறிந்தவருக்கும் இனி எந்தக் கம்பெனியும் பதில் சொல்லாது, வெள்ளையன்தான் சொல்ல வேண்டும். அவரிடம் ஈடாகக் காட்ட இருப்பது மலையில் கொஞ்சம் மரவள்ளிக் காடு.

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். அங்கே நின்று நான் எல்லாவற்றையும் சொன்னேன்: கடை நம்பரைப் போட்டது நான், டேப் ஒட்டியது நான், தேதியைப் படித்துக் காட்டாததும் நான். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போலீஸ் பிரித்த உறையை மடியிலிருந்து எடுத்தார். கிழிந்த டேப்பை விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தார், அது ஒட்டவில்லை. மலைக்குப் போகிற பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, உறையை என் பக்கம் நீட்டி, நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்: "இத இனிமே எங்க வெக்கட்டும் பாப்பா?"

சாமி படத்தையும் டேஷ்போர்டையும் பீரோவையும் குறை சொல்லி ஊருக்கெல்லாம் இடம் காட்டிய எனக்கு, அந்த ஒரு தாளை வைக்க மட்டும் இன்றுவரை இடம் தெரியவில்லை.